நன்றி யாருடைய கடன்?

எழுதுகிறவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால், அவனிடம் கதை கேட்டு வருகிறவர்களைவிட மனு எழுதித் தரச்சொல்லி வருகிறவர்கள் அதிகமாகிவிடுகிறார்கள். முதியோர் உதவித்தொகைக்கு, குடிநீர்க் குழாய்க்கு, பட்டாவில் விழுந்த பெயர்ப் பிழைக்கு என்று நான் எழுதிக் கொடுத்த மனுக்களைச் சேர்த்தால் என் நாவல்களைவிடப் பெரிய தொகுப்பாகும். அவற்றால் விளைந்த நன்மையும் நாவல்களால் விளைந்ததைவிட அதிகம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரே ஒரு மனுவை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதைக் கேட்டு வந்தவர் எர்ணாவூர்க்காரர். எண்ணூர்ச் சாலையை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலையின் கைப்பந்துக் குழுவில் ஒரு காலத்தில் ஆடியவர். இப்போது காலையில் பள்ளிக்கூடத்து மணி அடிக்குமுன் ஒரு மணி நேரமும், மாலையில் வெளிச்சம் இருக்கிற மட்டும், குடியிருப்புக்குப் பக்கத்துப் பொட்டலில் குழந்தைகளுக்கு வாலிபால் சொல்லிக் கொடுக்கிறார். கட்டணம் கிடையாது. கம்பம், வலை, பந்து எல்லாம் அவருடைய கைக்காசு. பிள்ளைகள் அவரை ‘மாஸ்டர்’ என்பார்கள். ஊரும் அப்படியே அழைக்கிறது.

வந்தவர் உட்காரக்கூட இல்லை. “என் பொண்ணத் தூக்கிக்கினு போய்ட்டாங்க சார்” என்றார்.

நான் பதறிப்போய் எழுந்துவிட்டேன். போலீசுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகுதான் விஷயம் விளங்கிற்று. பெண் அவர் பெற்ற பெண் அல்ல. அவரிடம் ஒன்பது வயதிலிருந்து ஆடப் பழகிய பெண். இப்போது பதினான்கு நடக்கிறது. வயதுக்கு மீறிய உயரம். எகிறி அடித்தால் எதிர்வரிசையில் யாரும் கை நீட்ட யோசிப்பார்களாம். ஒரு போட்டியில் அவளைப் பார்த்துவிட்டு, நகரத்தின் மறுகோடியில் உள்ள ஒரு வசதியான குழுவினர் வீட்டுக்கே வந்து, தாயிடம் பேசி, விடுதியில் இடம் கொடுத்து, பள்ளிக்கூடத்தையும் மாற்றிவிட்டார்கள். மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அஞ்சு வருசம் சார். பந்தைப் பார்த்தா கண்ணை மூடிக்கிற கொழந்தை அது. கையைப் புடிச்சுப் புடிச்சு வெச்சது நான். இப்ப அவங்க பனியனைப் போட்டுக்கினு ஆடுது. சங்கத்துக்கு ஒரு மனு எழுதுங்க. ரெண்டு வருசம் அவ அவங்களுக்கு ஆடக்கூடாதுன்னு தடை போடச் சொல்லுங்க. நன்றின்னு ஒண்ணு உலகத்துல இல்லையா சார்?”

நான் காகிதத்தை எடுத்துவிட்டேன். அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே அப்போது எனக்குப் பட்டது. ஆனாலும் மனு எழுதுமுன் இடத்தை ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் இருக்கிறது எர்ணாவூர். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆலைகள், ரயில் பாதை, கொசஸ்தலை ஆறு. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபிறகு, கடலோரத்தில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பலவற்றை இங்கே அடுக்குக் குடியிருப்புகளில் கொண்டுவந்து வைத்தார்கள். 2023 டிசம்பர் புயல் மழையின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. இந்த மாதிரி இடத்தில் பொட்டல் ஒன்று பொட்டலாகவே மிஞ்சுவதே பெரிய காரியம். அதில் இரண்டு கம்பங்களை நட்டு, ஒன்பது மீட்டருக்குப் பதினெட்டு மீட்டர் அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, கல் பொறுக்கி வைத்திருக்கிறார் ஒரு கிழவர். அவரை நான் குறைத்துப் பேசுவதாக இந்தக் கட்டுரையில் எந்த வரியையும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெண்ணின் தாயையும் பார்த்தேன். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவள். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் அவள் முகம் இறுகிவிட்டது.

“மாஸ்டரு எங்களுக்குத் தெய்வம் மாதிரி சார். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அங்க மூணு வேளையும் சோறு போடறாங்க. முட்டை குடுக்கறாங்க. ஷூ வாங்கிக் குடுத்தாங்க. நாளைக்கு வெளயாட்டுல காலேஜு சீட்டு, அப்பறம் ரயில்வேல வேலைன்னு சொல்றாங்க. தெய்வம் இதெல்லாம் குடுக்குமா சார்?”

அவள் சொன்னதில் ஒன்றும் கற்பனை இல்லை. கைப்பந்து ஆடத் தெரிந்த பிள்ளைக்கு இந்த நகரத்தில் கல்லூரி இடம் உண்டு. ரயில்வே, ஐ.சி.எப்., வங்கி, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆட்டம் என்பது உடம்புக்கு நல்லது. எர்ணாவூர்க் குடியிருப்பில் அது ஒரு குடும்பத்தை ஒரு தலைமுறை முன்னுக்குத் தள்ளக்கூடிய ஏணி. அந்த ஏணியின் காலை இரண்டு வருஷம் பிடித்து நிறுத்து என்று மனு எழுதத்தான் என்னிடம் காகிதம் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பெண் அன்றைக்கு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “மாஸ்டர் கோவமா இருக்காரா சார்?”

தாய் சொன்னாள்: “பஸ்ஸுக்குப் போறதுக்கு கிரவுண்டு வழிதான் கிட்ட. இவ அந்தப் பக்கமே போறதில்ல. மார்க்கெட்டைச் சுத்திக்கினு போறா.”

மனு எழுத முடியாது என்று எனக்குத் தெரிந்துபோனது அந்த நிமிஷத்தில்தான். பெரியவர்கள் இருவருக்குள் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு, பதினான்கு வயதுக் குழந்தை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு நடக்கிற அந்த அரை மைல்தான் வட்டி.

நன்றி பெரிய தர்மம் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ‘செஞ்சோற்றுக் கடன்’ என்று ஒரு சொல்லையே நாம் வழக்கில் வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருகிறவன் கர்ணன். கர்ணனின் கதையைச் சற்று வேறு கோணத்தில் பாருங்கள். அதுவும் ஆட்டக்களத்தில் நடந்த ஓர் ஆள் சேர்ப்புத்தான். அரசகுமாரர்களின் அரங்கேற்றத்தில் ஊர் பேர் தெரியாத ஒருவன் வந்து அர்ஜுனனுக்குச் சமமாக வித்தை காட்டுகிறான். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு அவனைத் தலைகுனிய வைக்கிறார்கள். துரியோதனன் எழுந்து அங்க நாட்டை அவனுக்குக் கொடுக்கிறான். பதிலுக்கு எனக்கு உன் நட்புப் போதும் என்கிறான். அன்றிலிருந்து குருக்ஷேத்திரம் வரையில் கர்ணன் அந்தச் சோற்றுக்குக் கடன்பட்டவன். பிற்பாடு கண்ணன் வந்து அழைக்கிறான்; குந்தி வந்து, பெற்றவள் நான் என்று கேட்கிறாள். கொடுத்தவன் ஒருவன், பெற்றவள் ஒருத்தி, இரண்டு பேரும் அவனுக்குச் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

வளர்த்தவன் எங்கே? அவனும் அந்த அரங்கத்தில்தான் இருந்தான். மகனுக்குப் பட்டம் சூட்டிய சமயத்தில், கோலை ஊன்றிக்கொண்டு, வியர்வை வழிய, நடுக்கத்தோடு உள்ளே வருகிறான் தேரோட்டி அதிரதன். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அபிஷேக நீர் இன்னும் காயாத தலையைத் தாழ்த்தி அவன் காலில் விழுகிறான் கர்ணன். பிறகு கண்ணன் ராஜ்யத்தையே தருகிறேன் என்றபோதும், அதிரதனையும் ராதையையும் விட்டு வரமாட்டேன் என்பது அவன் சொன்ன காரணங்களில் ஒன்று. இத்தனைக்கும் அதிரதன் அவனிடம் எதையும் கேட்டதாகக் கதையில் இல்லை. உரிமை கேட்டவர்கள் எல்லாரும் கர்ணனைக் கிழித்தார்கள். கேட்காத ஒருவனுக்கு அவன் தானாகத் தலை வணங்கினான்.

நம் அரசாங்கம் 1961 முதல் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு அர்ஜுனன் பெயரிலும், 1985 முதல் சிறந்த பயிற்சியாளர்களுக்குத் துரோணர் பெயரிலும் விருது தருகிறது. முதல் வருஷமே கைப்பந்துக்காக அர்ஜுனா விருது பெற்றவர் ஏ. பழனிசாமி. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜி. இ. ஸ்ரீதரன் 1982-ல் ஆட்டக்காரராக அர்ஜுனன் விருதையும், 2007-ல் பயிற்சியாளராகத் துரோணர் விருதையும் வாங்கியவர். பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிற குழந்தையின் கையைப் பிடித்துப் பிடித்து வைத்தவன் அர்ஜுனனும் அல்ல, துரோணனும் அல்ல. அவன் அதிரதன். அதிரதன் பெயரில் விருது எதுவும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படியானால் அந்த அதிரதன்கள் கைப்பொருளையும் காலத்தையும் கொட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா? அவர்களுக்கு எதுவும் பாக்கி இல்லையா? இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி. பாக்கி நிச்சயம் உண்டு. யார் தரவேண்டிய பாக்கி என்பதில்தான் நாம் தவறு செய்கிறோம்.

இதற்கு விடை எனக்கு எதிர்பாராத ஓரிடத்திலிருந்து கிடைத்தது. பணத்திலேயே புரளுகிற உலகம் கால்பந்து உலகம். அங்கே தர்மம் தேடிப் போகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனாலும் சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனம் 2001-ல் ஒரு விதி செய்தது. வேறொரு நாட்டின் இளைஞன் ஒருவனைத் தொழில்முறை ஆட்டக்காரனாகச் சேர்த்துக்கொள்ளும் சங்கம், அவனுடைய 12 வயது முதல் 21 வயது வரையில் அவனைப் பழக்கிய சங்கங்களுக்கு ஈடு கொடுக்கவேண்டும். பின்னால் அவன் பெருந்தொகைக்குக் கைமாறும்போதெல்லாம் அந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, சிறுவயதில் அவனை ஆட்டிவைத்த சங்கங்களுக்குப் போகவேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையைச் சில விதிவிலக்குகள் தவிர நாடு விட்டு நாடு கொண்டுபோகவே கூடாது. இதை மீறினதற்காக 2014-ல் பார்சிலோனா சங்கத்துக்கே, புது ஆட்டக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று தடை விதித்தார்கள்.

அந்த விதிகளும் அங்கே முழுதாக நடக்கின்றனவா என்பது வேறு விஷயம். எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: அந்த விதி பிள்ளையிடம் ஒரு காசு கேட்கவில்லை, நன்றி என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கொண்டுபோகிறவனிடம் கேட்கிறது. விளைந்த பயிரை எடுத்துக்கொண்டு போகிறவனே, உழுதவனுக்குக் கடன்பட்டவன். பயிர் யாருக்கும் கடன்பட்டதல்ல.

நம் ஊரில் என்ன நடக்கிறது? வசதியுள்ள குழு வருகிறது. பிள்ளையின் உயரத்தை அளக்கிறது. தாய் தகப்பன் உயரத்தையும் விசாரிக்கிறது. ஒரு குழு பதினாறு வயதில் தேடினால் இன்னொன்று பதினான்கில் தேடுகிறது. அதைப் பார்த்து மூன்றாவது பன்னிரண்டுக்கு வருகிறது. போட்டி என்றால் அப்படித்தான் என்கிறார்கள். பன்னிரண்டு வயதில் குள்ளமாக இருந்து பதினேழில் பனைபோல் வளர்கிற பிள்ளைகள் உண்டு. பன்னிரண்டில் உயர்ந்து அதோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. நின்றுவிட்டவர்களை மூன்றாம் வருஷம் என்ன செய்வார்கள் என்று எந்தத் தாயும் கேட்பதில்லை. யாரும் தானாகச் சொல்வதுமில்லை.

பெரியவர்களுக்கு இது வேறு. 2019-ல் முதல்முறையாக நடந்த புரோ வாலிபால் லீகில் ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்தார்கள். சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையும் வென்றது. கையெழுத்துப் போடத் தெரிந்த, போட உரிமையுள்ள மனிதன், தன் உழைப்புக்கு விலை சொல்லலாம். குழந்தையின் சார்பில் விலை சொல்கிறவன் யார்? தாய்க்கு மூன்று வேளைச் சோறு கண்ணில் தெரிகிறது. மாஸ்டருக்கு ஐந்து வருஷம் தெரிகிறது. புதிய குழுவுக்கு அடுத்த கோப்பை தெரிகிறது. குழந்தைக்கு முழங்கால் வலிக்கிறதா என்பது யாருக்குத் தெரிகிறதோ, அவனே அவள் சார்பில் பேசத் தகுந்தவன்.

நன்றியைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தக் கைப்பந்து ஆட்டமே எர்ணாவூருக்கு எப்படி வந்தது? அமெரிக்காவில் ஹோலியோக் என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ.யில் வேலை பார்த்த வில்லியம் மார்கன் என்பவர், கூடைப்பந்தாட மூச்சு முட்டுகிற நடுவயதுக்காரர்களுக்காக 1895-ல் உண்டாக்கிய ஆட்டம் இது. ஒய்.எம்.சி.ஏ. அதை நாடு நாடாகக் கொண்டுபோயிற்று. 1920-ல் ஹாரி பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் உடற்பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அங்கே படித்த ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். நம் மாஸ்டருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் தொழிற்சாலையில் ஒரு மேஸ்திரி. மேஸ்திரிக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு டிரில் வாத்தியார். அந்த மேஸ்திரிக்கு நீங்கள் என்ன திருப்பிக் கொடுத்தீர்கள் என்று மாஸ்டரிடமே கேட்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பொட்டலில் ஓடிக்கொண்டிருந்த வாண்டுகளைக் கையால் காட்டி, “இதுதான்” என்றார்.

அன்றைக்கு மாலை வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் ஒரு கடிதம் எழுதினோம். சங்கத்துக்கு அல்ல, பெண்ணைக் கொண்டுபோன குழுவுக்கு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார்.

“வலது முழங்கால் சிப்பிக்குக் கீழே வலிக்குதும்பா. வளர்ற வயசுல குதிச்சா வர்ற வலின்னு டாக்டர் சொன்னார். வலின்னா ரெண்டு வாரம் குதிக்க விடாதீங்க. அவளா சொல்லமாட்டா, நீங்கதான் கேக்கணும். காலையில வெறும் வயித்துல ஓட வுட்டா மயக்கம் வரும். அடிக்கும்போது முழங்கை இறங்கும். திட்டினா இன்னும் இறங்கும், தோளைத் தட்டிச் சொன்னா ஏறும். கணக்குல மட்டம், பத்தாவது பரீட்சை வருது, ராத்திரி பிராக்டீஸ் வெக்காதீங்க. ஆட்டத்துல தோத்தா ஒரு நாள் பேசமாட்டா. வுட்டுடுங்க, மறுநாள் சரியாயிடும்.”

சொல்லிக்கொண்டே வந்தவருடைய குரல் எங்கேயோ ஓரிடத்தில் மாறிவிட்டது. கடிதம் இரண்டு பக்கம் வந்தது. தடை என்றோ துரோகம் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: இந்தக் குழந்தையை ஐந்து வருஷம் பழக்கிய இடத்தில் இன்னும் இருபத்தைந்து பிள்ளைகள் ஆடுகிறார்கள், பந்து இரண்டுதான் இருக்கிறது, தாங்கள் இவர்களுக்குப் பட்டிருக்கிற கடனைத் தங்களுக்கு முடிந்த வகையில் தீர்க்கவேண்டும் என்று. “கேக்கறது தப்பில்லையா சார்?” என்றார் மாஸ்டர். குழந்தையிடம் கேட்டால்தான் தப்பு, இவர்களிடம் கேட்பது நியாயம் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பதில் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. பந்தும் வரவில்லை. அதனால் நான் சொன்ன தர்மம் பொய்யாகிவிடாது; ஒரு கடன் இன்னும் தீரவில்லை என்றுதான் அர்த்தம். குழந்தைகளை எடுத்துக்கொண்டு போகிற குழுக்கள் இதைப் படிக்க நேர்ந்தால், தங்கள் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

பொங்கல் விடுமுறையில் மறுபடியும் எர்ணாவூர்ப் பக்கம் போயிருந்தேன். பொட்டலில் கூட்டமாக இருந்தது. அந்தப் பெண் வலைக்குப் பக்கத்தில் நின்று, சின்னப் பிள்ளைகள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். யாரும் கூப்பிடவில்லையாம், காலையில் வந்து நின்றாளாம். நடுவில் அவளும் ஒருமுறை எகிறி அடித்தாள்.

“முழங்கை இறங்குது பாரு!” என்று கோட்டுக்கு வெளியிலிருந்து மாஸ்டர் சத்தம் போட்டார். “சரி மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பந்தை எடுக்க ஓடினாள்.